எதற்கும் கொஞ்சம் கூட்டிப் போட்ட நிலநடுக்கம்

போன கிழமை றிஸ்வான் தொலைபேசி எடுத்தார். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில், நான் இருந்த அதே கதிரையில் இப்போது இருக்கும் பொறியியலாளர். கிண்ணியாக்காரர். கெட்டிக்காரர்தான், ஆனால் அவசரக்காரர்.

“மிஸ், இப்ப புது மென்பொருள் ஒண்டு வந்திருக்கு. இடத்தைக் காட்டி ஒரு பட்டனை அமத்தினா ஏழு நிலநடுக்கத்தையும் அதுவே தெரிவுசெய்து, அதுவே அளவும் திருத்தித் தருது. ஒரு நிமிசம் கூட இல்லை.”

“அப்ப நீர் எதுக்கு?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“என்ன மண் எண்டு குடுத்தனீர்?”

“அதில முதலே ஒண்டு இருந்தது மிஸ். நான் மாத்தேல்ல.”

“எந்தக் கட்டடத்துக்கு?”

சொன்னார். கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் உள்ள ஆஸ்பத்திரியின் மகப்பேற்றுக் கட்டடம். இரண்டு மாடியாக நிற்கிறது. மேலே இன்னும் இரண்டு மாடி எழுப்பலாமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். “ஏலாது எண்டு வருது மிஸ். அத்திவாரம் தாங்காதாம். அறிக்கை எழுத முதல் உங்களுக்கும் ஒரு சொல்லுச் சொல்லுவம் எண்டுதான் எடுத்தனான்.”

எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. அந்த அத்திவாரத்தின் ஒவ்வொரு கம்பியும் எனக்குத் தெரியும். நாலு மாடிக்கென்று சண்டை பிடித்து இறக்கின அத்திவாரம் அது. “மண் என்னெண்டு பாக்காமல் உந்த அறிக்கையை எழுதினீரெண்டா என்ர மூஞ்சையில முழியாதையும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு குசினியில் பாத்திரங்களோடு கொஞ்ச நேரம் சண்டை. என் மனுசன் ஒன்றும் கேட்காமல் வளவுக்குள் போய் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். வெளியில் மழை தூறிக்கொண்டிருந்தது.

இப்படிக் கோபப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. சொல்கிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நிலநடுக்கத்துக்கு ஒதுக்கியது ஒரேயொரு பின்னேர விரிவுரை. அதிலும் பாதி வகுப்பு நித்திரை. “இலங்கையில எங்க நிலநடுக்கம்?” என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரிக்க, பாடம் முடிந்தது. பிறகு திருகோணமலையில் வேலை. வடிகான், மதகு, பள்ளிக்கூடக் கூரை. சண்டைக் காலம் முழுக்க இடிந்ததைத் திருத்துகிற வேலை. நடுவில் ஒரு வருடம் யப்பானில் பயிற்சி கிடைத்தது. அங்கே முதல் தடவை விடுதி ஆடியபோது செருப்பும் போடாமல் வீதிக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் மற்றவர்கள் இருந்த இடத்தில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் கட்டடம் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். எனக்குத் தெரியாது, அதனால் ஓடினேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டு கேட்க ஆளில்லை. வெளிநாட்டு உதவியில் ஆஸ்பத்திரி கட்டுவதென்றால் நிலநடுக்கக் கணக்கும் காட்டு என்று உதவிக்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். சரி, காட்டலாம். ஆனால் கணக்குப் பார்க்க முதலில் ஒரு நிலநடுக்கம் வேண்டுமே! நிலம் ஆடும்போது அது இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு என்று கருவி எழுதிவைத்த பதிவு வேண்டும். எங்கள் ஊரில் அப்படி ஒரு பெரிய ஆட்டத்தை எந்தக் கருவியும் பதியவில்லை. அதனால் பிற நாட்டு ஆட்டங்களை இரவல் வாங்கி, எங்கள் நிலத்துக்கு ஏற்ற மாதிரி அளவு திருத்திக் கட்டடத்துக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். என் கடைசிக் காலத்து வேலை முழுக்க இதுதான். “பிலோமினா மிஸ் இரவல் நிலநடுக்கம் தேடுறா” என்று அலுவலகத்தில் பகிடி பண்ணுவார்கள்.

பகிடி பண்ணினவர்களுக்கு அந்த வேலையின் கரைச்சல் தெரியாது. எங்கள் இடத்தில் எந்த அளவு ஆட்டத்துக்குக் கட்டடம் நிற்க வேண்டும் என்று விதிநூல் ஒரு வளைகோடு கீறித் தரும். குள்ளமான கட்டடம் வேகமாக ஆடும், உயரமானது மெல்ல ஆடும். ஒவ்வொன்றையும் நிலம் எவ்வளவு உலுக்கும் என்று அந்த வளைகோடு சொல்லும். ஏழு பதிவு தேடி எடுக்க வேண்டும்; அவற்றின் சராசரி அந்த வளைகோட்டுக்குக் கீழே விழக்கூடாது. அதற்காகக் கண்டதையும் எடுக்க ஏலாது. எங்கள் இடத்தில் வரக்கூடிய பருமனுள்ள நிலநடுக்கமாக இருக்க வேண்டும். ஏறக்குறைய அதே தூரத்தில் நடந்ததாக இருக்க வேண்டும். கருவி நின்ற நிலம் எங்கள் நிலத்தைப் போல இருக்க வேண்டும். ஒரே நிலநடுக்கத்திலிருந்து ஏழையும் அள்ளி வரக்கூடாது. வடக்குத் தெற்காக ஆடினதும் கிழக்கு மேற்காக ஆடினதும் சோடி. இரண்டையும் ஒரே எண்ணால்தான் பெருக்க வேண்டும், சோடியைப் பிரிக்கக்கூடாது. சின்ன நிலநடுக்கத்தைப் பத்தால் பெருக்கிப் பெரியது என்று கொண்டுவந்து நீட்டவும் கூடாது. ஆட்டுக்குட்டியைப் பத்தால் பெருக்கினால் மாடு வராது. பெரியது மெல்ல, நீளமாக, நின்று ஆட்டும். சின்னது கடகடவென்று ஆட்டிவிட்டுப் போய்விடும்.

இவ்வளவும் செய்து முடித்தாலும் கருவியின் சின்னப் பிழை ஒன்று உள்ளே ஒளிந்திருக்கும். அதைத் திருத்தாமல் நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போட்டால், ஆட்டம் முடியும்போது திருகோணமலை போய்ச் சம்பூரில் நிற்கும். ஒரு தடவை கொழும்பிலிருந்து வந்த அறிக்கையில் உண்மையாகவே அப்படித்தான் நின்றது. அவர்கள் அதற்கு வர்ணம் வேறு அடித்து அனுப்பியிருந்தார்கள்.

இந்த வேலையில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் அருமைநாயகம் சேர். மெலிந்த மனுசன், வெள்ளைச் சேட்டு, காலையில் வந்ததும் பால் விடாத ஒரு பிளேன்ரீ. அதில் சீனி போடக்கூடாது; கையில் ஒரு துண்டு பனங்கட்டி வைத்துக் கடித்துக்கொண்டு குடிப்பார். பழக்கமில்லாத ஆள் யாராவது சீனி போட்டுக் கொண்டுவந்தால், வாயில் வைத்தவுடன் தெரிந்துவிடும். “ஆர் இதுக்குச் சீனி போட்டது?” என்று கோப்பையை அப்படியே திருப்பி அனுப்புவார்.

அவர் கணினித் திரையை நம்ப மாட்டார். ஒவ்வொரு பதிவின் வளைகோட்டையும் ஒரே அளவில், ஊடாகத் தெரியும் தாளில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். துறைமுகத்தைப் பார்த்த பெரிய யன்னல் ஒன்று அவருடைய அறையில் இருந்தது. தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அந்தக் கண்ணாடியில் ஒட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். ஏழு கோடுகளுக்கும் பின்னால் கப்பல் நிற்கும். எந்தக் கோடு எங்கே துருத்துகிறது, எங்கே பள்ளம் விழுகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். நான் திரையில் மணிக்கணக்காகப் பார்த்துக் காணாததை அவர் அந்தக் கண்ணாடியில் கண்டுபிடிப்பார். அந்த விடயத்தில் ஆள் மன்னன்.

ஒரு முறை நான் புதிதாகப் படித்த ஒரு முறையால் ஏழு பதிவுகளையும் பிசகாமல் விதிநூல் வளைகோட்டிலேயே உட்கார வைத்துக் கொண்டுபோனேன். யன்னலில் ஒட்டினால் ஏழும் ஒரே கோடாகத் தெரிந்தன. எனக்கு அன்றைக்குப் பெரிய பெருமை.

“கன்னியாவுக்குப் போயிருக்கிறீரா பிள்ளை?” என்று கேட்டார்.

“இதென்ன கேள்வி சேர்? போகாமல்?”

“ஏழு கிணறும் ஒரே சூடா?”

“இல்லை. ஒண்டு சுடும், ஒண்டு இளஞ்சூடு.”

“ஏழும் ஒரே சூடாயிருந்தா அது வெந்நீரூற்று இல்லை, ஆரோ கேத்திலில கொதிக்க வைச்சு ஊத்தினது. நிலநடுக்கம் ஒண்டைப் போல ஒண்டு வராது. கொண்டுபோய்த் திருப்பிச் செய்யும்.”

கொண்டுபோய்த் திருப்பிச் செய்தேன். அன்றிலிருந்து ஏழு பதிவுகளுக்கும் எங்கள் அலுவலகத்தில் ‘கன்னியாக் கிணறு’ என்றே பெயர்.

இப்படிப்பட்ட மனுசனிடம் ஒரேயொரு கெட்ட பழக்கம். எல்லாம் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லி, கையெழுத்து வைக்கிற நேரத்தில் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்வார்: “எதுக்கும் கொஞ்சம் கூட்டிப் போடும்.”

ஏன் சேர் என்றால், “கூட்டினவனை ஒருத்தரும் பிடிச்சு மறியலில போடேல்ல” என்பார்.

இது அவருடைய பழக்கம் மட்டுமல்ல, இந்த நாட்டில் எங்கள் தொழில்காரர் முழுப்பேருக்கும் உள்ள வியாதி. மண் பார்க்கிறவர் எதற்கும் கொஞ்சம் கூட்டுவார். நிலநடுக்கம் தெரிவு செய்கிறவர் கொஞ்சம் கூட்டுவார். தூண் கீறுகிறவர் கொஞ்சம். சரிபார்க்கிறவர் கொஞ்சம். விதிநூலுக்குள்ளேயே பாதுகாப்புக்கென்று வைத்திருப்பது வேறு. ஒருவர் கூட்டினது மற்றவருக்குத் தெரியாது, கேட்பதும் இல்லை. கேட்டால் ஏதோ இவர் பாதுகாப்பைக் குறைக்கப் பார்க்கிறார் என்ற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே எல்லோரும் கூட்டுவார்கள்.

இனி அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். மூதூர்ப் பக்கம் என்றால் போதும். கட்டைபறிச்சானிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் வெருகலிலிருந்தும் பிள்ளைப்பேற்றுக்கு வருகிறவர்களுக்கு அதுதான் கிட்ட. பழைய வார்ட் ஒன்று இருந்தது: செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, ஒரு நிலநடுக்கக் கணக்கும் தெரியாத காலத்தில் சேற்று நிலத்தில் கட்டினது. அதற்குப் பதிலாக நாலு மாடியில் புதுக் கட்டடம் என்று திட்டம். கீழ் இரண்டு மாடியில் பிரசவ அறையும் சத்திரசிகிச்சைக் கூடமும் பிள்ளை பெற்றவர்களும். மேல் இரண்டு மாடியில் நாள் நெருங்கி வந்து காத்திருக்கும் தாய்மார். தூரத்து ஊர்க்காரர் முதலே வந்து படுத்துவிடுவார்கள். வெருகலிலிருந்து நோ கண்ட பிறகு வெளிக்கிட்டால் வழியில் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த வார்டின் பொறுப்புத் தாதி நஜீமா மிஸி. மூதூர்க்காரி. குரல் கேட்டால் போன் தேவையில்லை, குடாவுக்கு இந்தப் பக்கம் கேட்கும். கிழமைக்கு ஒரு தடவை எனக்கு அழைப்பு வரும்.

“மிஸ், எங்கட வார்ட் எந்த மட்டில நிக்கிது?”

“கணக்குப் பாக்கிறம் மிஸி.”

“என்ன மிஸ் கணக்கு? கட்டில் இருபது, தாய்மார் முப்பது. மிச்சப் பேர் பாயில. இதுக்கு மேல என்ன கணக்கு? நான் வேணுமெண்டா வந்து சொல்லித் தாறன்.”

கொழும்பிலிருந்த ஒரு தனியார் நிறுவனம் அந்தக் கட்டடத்தைக் கணித்து அனுப்பியது. பார்த்தால், சேற்றுக்குள் தூண் மாதிரி இறக்கும் கொங்கிறீற் பைல்கள் ஒவ்வொன்றும் துறைமுக இறங்குதுறைக்குப் போடுகிற பருமன். உதவிக்காரர்கள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். இந்த அத்திவாரத்துக்கே பாதிக் காசு போய்விடும், ஆகவே இரண்டு மாடி போதும், வருட முடிவுக்குள் வரைபடம் வராவிட்டால் அதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. காத்திருக்கும் தாய்மாருக்கு இடம் இல்லை.

எனக்கு அந்தப் பைல்களை நம்ப முடியவில்லை. எங்கள் பக்கம் அவ்வளவு பெரிய நிலநடுக்கம் வருகிற இடமில்லை. அந்த நிறுவனம் பாவித்த ஏழு பதிவுகளையும் அனுப்பச் சொல்லி, எல்லாவற்றையும் தாளில் அச்சடித்து, சேர் வெளியே போயிருந்த நேரம் அவருடைய யன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். பாறையில் பதிந்த ஆட்டங்கள் என்று அறிக்கை சொல்கிறது. பாறை ஆட்டம் என்றால் வளைகோடு வேகமான பக்கத்தில் எழும்பி, மெல்ல ஆடுகிற பக்கத்தில் சரிந்துபோக வேண்டும். இவை சரியவில்லை. மெல்ல ஆடுகிற பக்கத்தில் ஏழும் திரும்ப எழும்பி, தொந்தி விழுந்த ஆள் மாதிரி வண்டி வைத்துக்கொண்டு நின்றன. பாறை அப்படி ஆடாது. சேறுதான் அப்படி ஆடும்.

விளங்கிவிட்டது. நகரத்தில் தோண்டினால் பாறை; அக்கரையில் மகாவலி கொண்டுவந்து கொட்டிய சேறு. ஆழத்துப் பாறையில் தொடங்கும் ஆட்டம் சேற்றுக்குள்ளால் மேலே வரும்போது பெருக்கும். அதனால் பாறைப் பதிவை அடியில் வைத்து, சேற்றுக்குள்ளால் ஏற்றி, மேலே என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். இவர்கள் ஏற்கெனவே சேற்றுக்கு மேலே பதிந்த, பெருகி முடிந்த ஆட்டத்தை எடுத்துத் திரும்பவும் அடியில் வைத்து, இரண்டாம் தடவை சேற்றுக்குள்ளால் ஏற்றியிருக்கிறார்கள். போதாதற்கு, முடிவில் ‘எதற்கும்’ என்று இருபது வீதம் கூட்டியிருக்கிறார்கள்.

கணித்த பொறியியலாளரைப் போனில் பிடித்தேன். “உந்த ஏழு பதிவும் எங்க எடுத்தனீங்கள்?”

“அது எங்கட ஒபிஸில எல்லாரும் பாவிக்கிறது மிஸ். பென்டிரைவில இருக்கு.”

“ஆர் தெரிவு செய்தது?”

“எனக்கு முதல் இருந்த ஆளிட்ட இருந்து வந்தது.”

“அவருக்கு?”

“அவருக்கு முதல் இருந்த ஆளிட்ட இருந்து.”

“எந்த நிலத்தில பதிஞ்சது எண்டு ஆரும் பாத்தனீங்களா?”

“ஏற்கெனவே பாத்துத்தானே மிஸ் வைச்சிருப்பாங்கள்!”

கலியாண வீட்டுக்கு வாடகைக்கு விடும் கதிரைகள் ஊர் ஊராகப் போகிற மாதிரி, அந்த ஏழு நிலநடுக்கங்களும் நாடு முழுக்கக் கட்டடம் கட்டடமாகப் போய்க்கொண்டிருந்தன. எந்தக் காலத்திலோ, எந்த ஊர்ச் சேற்றுக்கோ யாரோ அளவு திருத்தி வைத்தவை. பாறையில் நிற்கிற விடுதிக்கும் அதுதான், சேற்றில் நிற்கிற ஆஸ்பத்திரிக்கும் அதுதான். எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. கத்தினேன்.

பிறகு அருமைநாயகம் சேரிடம் போனேன். கண்ணாடியில் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். அந்த வண்டியை விரலால் தடவினார். அவருக்கு விளங்காமல் இருக்குமா? விளங்கினது முகத்தில் தெரிந்தது.

“நீர் சொல்லுறது சரி,” என்றார். “ஆனா குறைச்சுக் கையெழுத்து வைக்க என்னால ஏலாது.”

“குறைக்கச் சொல்லேல்ல சேர். ரெண்டு தரம் எண்ணினதை ஒரு தரம் எண்ணச் சொல்லுறன்.”

“நாளைக்கு ஏதும் நடந்தா, ஆர் குறைச்சது எண்டுதான் கேப்பினம். ஆர் ரெண்டு தரம் எண்ணினது எண்டு கேக்க மாட்டினம். கூட இருந்தா இருக்கட்டும், பிழையில்லை.”

“அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு எண்டு சும்மாவே சொன்னவை?”

“பழமொழியைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில காட்டேலாது பிள்ளை.”

அப்போது அவருடைய பிளேன்ரீ மேசையில் இருந்தது. ஆத்திரத்தில் எனக்கு என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை. பக்கத்து மேசையிலிருந்த சீனிப் போத்தலை எடுத்து, அவருடைய கோப்பைக்குள் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி நீட்டினேன். “குடியுங்கோ சேர். கூட இருந்தா இருக்கட்டும், பிழையில்லை.”

முப்பது வருட வேலை அன்றோடு போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. “நிலத்தைப் போய்ப் பாப்பம். வாகனம் கேளும்,” என்றார்.

நிலத்தைப் பார்க்கத்தான் போனோம். நஜீமா மிஸி விடவில்லை. வாசலிலேயே மறித்துக்கொண்டாள். “வெத்து நிலத்தை எத்தின தரம் சேர் பாப்பீங்க? உள்ளுக்கு வந்து எங்களையும் ஒருக்காப் பாருங்க.”

பழைய வார்டுக்குள் கூட்டிப் போனாள். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் பாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை எங்களுக்கு வழிவிட எழும்பப் பார்த்தாள். சேர் பதறிப்போய், “இரு பிள்ளை, இரு பிள்ளை” என்றார். மிஸியின் மேசைக்கு மேலே, கதவு நிலையிலிருந்து சுவரின் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியது. அதற்குள் ஒரு நீலப் பேனை, ஒரு சிவப்புப் பேனை, ஒரு வெப்பமானி வரிசையாகக் குத்தி நின்றன.

சேர் கிட்டப் போய்ப் பார்த்தார். “இதென்ன மிஸி?”

“அது எங்கட பேனைத் தட்டு சேர்,” என்றாள் அவள். “முந்தி ஒரு பேனைதான் போகும். இப்ப மூணும் போகுது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு அது பழகிவிட்டது. சேர் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனையை மெல்ல இழுத்து எடுத்து, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று நகத்தால் அளந்து பார்த்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

திரும்பும் வழியில் வாகனத்துக்குள் நான் வாயை மூடிக்கொண்டு வரலாம் என்றுதான் பார்த்தேன். ஏலவில்லை.

“சேர், புதுக் கட்டடத்துக்கு ரெண்டு மடங்கு கூட்டிப் போட்டிருக்கிறம். உதுக்குள்ள கிடக்கிற பிள்ளையளுக்கு எவ்வளவு கூட்டினனாங்கள்?”

கிண்ணியாப் பாலம் தாண்டியும் அவர் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் நான் போகும்போது அவர் எனக்கு முதலே வந்து, பழைய ஏழு தாள்களையும் கண்ணாடியிலிருந்து கழற்றி வைத்திருந்தார். “கூடப் போட்ட சீனியை வெளியில எடும் பிள்ளை,” என்றார். “புதுசாப் பாப்பம்.”

பார்த்தோம். உண்மையாகவே பாறையில் பதிந்த ஆட்டங்களாகத் தேடித் தேடி எடுத்தோம். வேண்டாதவற்றை அவர் யன்னலில் வைத்துக் கழித்தார். சிலவற்றுக்காக நான் சண்டை பிடித்தேன். இரண்டில் நான் வென்றேன். ஏழும் ஏழு விதம். ஒன்று சுடும், ஒன்று இளஞ்சூடு. அக்கரையில் துளை போட்டு எடுத்த மண்ணின் குணங்களை வைத்து, சேற்றுக்குள்ளால் ஒரு தரம், ஒரேயொரு தரம், ஏற்றினோம். விதிநூல் கேட்கிற பாதுகாப்பு முழுவதும் இருந்தது. ஒரு நூல் குறைக்கவில்லை. நாலு மாடிக்கும் சாதாரண பைல்கள் போதும் என்று வந்தது. சேர் பேனையைத் தூக்கிப் பிடித்தார். ‘எதுக்கும்’ என்று அவருடைய வாய் திறந்ததை நான் கண்ணால் கண்டேன். பிறகு மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தார்.

ஆனால் இவ்வளவும் முடிய உதவிக்காரர்களின் வருடமும் முடிகிற தறுவாய். இரண்டு மாடிக்கு ஒப்பமிட்டது ஒப்பமிட்டதுதான், மாற்ற ஏலாது என்றார்கள். விழலுக்கு இறைத்த நீர் என்று நான் மேசையில் குத்தினேன். சேர் மட்டும் விடவில்லை. “மாடியை நீங்கள் ரெண்டாக் கட்டுங்கோ. அத்திவாரம் நாலுக்குத்தான் போடுவன்” என்று ஒற்றைக் காலில் நின்றார். அவருடைய வாழ்க்கையில் அவர் சரியான இடத்தில் கூட்டிப் போட்டது அது ஒன்றுதான். பிரசவ அறையும் கூடமும் புதுக் கட்டடத்துக்குப் போயின. காத்திருக்கும் தாய்மார் மட்டும், மேல் மாடி வரும்வரைக்கும் என்று, பழைய வார்டிலேயே இருக்கட்டும் என்று விட்டார்கள். மேல் மாடி வரவில்லை. நஜீமா மிஸி ஓய்வு பெற்றுவிட்டாள். நானும் பெற்றுவிட்டேன். சேர் இப்போது இல்லை.

அந்த மேல் மாடியைத்தான் ஏலாது என்று எழுதப் போகிறேன் என்று போன கிழமை றிஸ்வான் சொன்னார். இப்போது சொல்லுங்கள், நான் பாத்திரங்களோடு சண்டை பிடித்தது பிழையா?

நேற்று மத்தியானம் திரும்பவும் எடுத்தார். சன்னமான குரல்.

“மிஸ், கோவம் போயிட்டா?”

“போகேல்ல. சொல்லும்.”

“நீங்க சொன்ன மாதிரி மண்ணை மாத்தினன். பழைய துளைகளின்ர விபரம் எடுத்துக் குடுத்தன். பதிவு ஏழையும் நானே ஒண்டொண்டாப் பாத்தன். சரி வருது மிஸ். அத்திவாரம் தாங்குது. நாலு மாடியும் தாங்குது.”

“அல்லேலூயா,” என்றேன். “அப்ப எழுதும்.”

“ஓம் மிஸ். ஆனா...”

“என்ன ஆனா?”

“எதுக்கும் ஒரு இருபது வீதம் கூட்டிப் போட்டுப் பாத்தன். கூட்டினா தாங்காது எண்டு வருது. கூட்டாம எழுதப் பயமாயிருக்கு மிஸ். நாளைக்கு ஏதும் நடந்தா?”

எனக்குத் திரும்பவும் உச்சிக்கு ஏறத் தொடங்கியது. விதிநூலின் எந்தப் பக்கத்தில் பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளும் என்றேன்.

“ஒரு நிமிசம் மிஸ், பேனை எடுக்கிறன்,” என்றார். ஏதோ உரசுகிற சத்தம். “ஹா... இஞ்ச சுவர் வெடிப்புக்குள்ள வெச்சிருக்காங்க. ஒரு கட்டே இருக்கு மிஸ். சரி, சொல்லுங்க.”

எனக்குச் சொல்ல வந்த பக்கம் மறந்துபோயிற்று.

“தம்பி, நீர் இப்ப எங்க நிண்டு கதைக்கிறீர்?”

“ஆஸ்பத்திரியில மிஸ். மேல் மாடிக்கு அளவெடுக்க வந்தனான். மழை பிடிச்சிட்டுது. பழைய வார்டுக்குள்ள நிக்கிறன்.”

“வெளியில வாரும்.”

“மிஸ்?”

“உடன வெளியில வாரும். எதுக்கும்.”

“சரியான மழை மிஸ்.”

“நனைஞ்சாப் பரவாயில்லை. வாரும்.”

ஓட்டில் மழை விழுவது கேட்டது. யாரோ ஒரு பெண் இருமினாள். எங்கேயோ ஒரு கட்டில் கிரீச்சிட்டது. அவர் சுவரைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“நான் வெளியில வந்திடுவன் மிஸ்,” என்றார் மெல்ல. “இதுக்குள்ள படுத்திருக்கிற ஆக்கள்?”

“அதைத்தான் தம்பி நானும் கேக்கிறன்.”